மேஜரின் மடி

என் மகளுக்குக் காது குத்த அமெரிக்க ராணுவத்தின் அனுமதி தேவைப்பட்டது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. திருமங்கலத்தில் ஃபிளெக்ஸ் கடை வைத்து, வார்டு செயலாளருக்குப் பக்கத்தில் சிங்கத்தை உட்காரவைத்துப் பிழைப்பவன் நான். நான் சொல்வதை ஊர் நம்பாததில் தப்பில்லை. ஆனால் இது நடந்தது.

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்காரவைக்க வேண்டும். பெற்ற அப்பன் ஆஸ்பத்திரிச் செலவு பார்க்கலாம், ஆட்டோ பிடிக்கலாம், பந்தலுக்குக் கால் நடலாம். அவன் மடி மட்டும் செல்லாது. என் மனைவிக்குக் கூடப்பிறந்தவன் ஒரே தம்பி. நான் 'மாப்ள' என்று கூப்பிடுகிற அந்த ஒரே தம்பி அமெரிக்க ராணுவத்தில் அதிகாரி. சிக்கல் இவ்வளவுதான். இதைத் தீர்ப்பதற்குள் என் மகள் நாலாம் வகுப்புக்குப் போய்விட்டாள்.

சின்ன வயதில் மாப்ளையைப் பார்த்த யாரும் அவன் ஒரு ராணுவத்தில் சேருவான் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். உசிலம்பட்டியைத் தாண்டி ஒரு கிராமம். மாமனாருக்கு மானாவாரி நிலமும் நாலைந்து மாடும். அந்த மாடுகளுக்குப் பயந்து, வீட்டுக்குள் பின்வாசல் வழியாக வந்துபோன பிள்ளை அவன். பள்ளிக்கூடத்தில் என்.சி.சி.யில் சேர்ந்தது உண்மைதான். பரேடு முடிந்ததும் பூரி கொடுப்பார்கள். பூரி நின்ற வாரம் இவனும் நின்றுவிட்டான்.

நம் நாட்டு ராணுவத்துக்கு ஆள் எடுக்க வருகிறார்கள் என்றால் அந்தத் தெருப் பையன்கள் விடியற்காலையில் தேனி ரோட்டில் ஓடுவார்கள். நான் பெண் பார்க்கப் போயிருந்த சமயத்தில் அதை என் கண்ணாலேயே பார்த்தேன். எல்லாரும் ஓட, இவன் ஒருவன் மட்டும் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து அவர்களுடைய செருப்புக்குக் காவல் இருந்தான். யாருடைய செருப்பு எது என்று அவனுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. பின்னால் அவனை ராணுவம் எந்தத் துறையில் போட்டது என்று கேள்விப்பட்டபோது எனக்கு அந்தச் செருப்புகள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் எஞ்சினியரிங் படித்தான். மேல்படிப்புக்கு அமெரிக்கா போனான். படித்தான், வேலை கிடைத்தது, வேலை போனது. ஊருக்குத் திரும்பும் நிலைமை வந்தபோது அமெரிக்க ராணுவம் சில மொழிகள் தெரிந்த வெளிநாட்டுக்காரர்களைத் தேடிக்கொண்டிருந்ததாம். அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. பத்தாம் வகுப்புத் தமிழில் தட்டுத்தடுமாறிக் கரையேறியவனை, அவனுடைய தமிழுக்காக அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்டது. என் மனைவி இதைக் கேட்டு மூன்று நாள் சிரித்தாள்.

போனில் தமிழ்த் தேர்வு வைத்தார்களாம். அந்தப் பக்கம் ஒரு அம்மாள் செய்தி வாசிக்கிற தமிழில் கேட்டிருக்கிறார்: "தங்கள் பகுதியில் வேளாண்மை எவ்வாறு நடைபெறுகிறது?"

"மழ பேஞ்சா வெதைப்போம். பேயாட்டி அம்புட்டுதேன், படுத்துக்குருவோம்."

அந்த அம்மாள் கேள்வியை மறுபடி ஒருமுறை வாசித்துப் பார்த்தாராம். பிறகு நல்ல மதிப்பெண் போட்டுவிட்டார். அதன்பிறகு இத்தனை வருடத்தில் அமெரிக்க ராணுவம் அவனிடம் ஒரு வார்த்தை தமிழ் கேட்டதில்லை.

குழப்பம் முதல் மாதத்திலேயே தொடங்கியது. பயிற்சியில் புதிதாகச் சேர்ந்த எல்லாரையும் 'பிரைவேட்' என்றுதான் கூப்பிடுவார்களாம். கடைசிச் சிப்பாய்க்கு அங்கே அதுதான் பெயர். அவன் போனில் அப்பாவிடம், "நான் இப்ப பிரைவேட்டுப்பா" என்றிருக்கிறான். எங்கள் ஊரில் வேலை இரண்டே வகை. கவர்மெண்ட், பிரைவேட். முதலாவதற்குப் பெண் கொடுப்பார்கள். இரண்டாவதற்கு யோசித்துச் சொல்வார்கள்.

மாமனார் என் கடைக்கே வந்துவிட்டார். "மிலிட்டரின்னா கவர்மெண்ட்டுதானே மாப்ள? இவன் பிரைவேட்டுங்குறான். அமெரிக்காவுல மிலிட்டரியையே பிரைவேட்டுக்குக் குடுத்துட்டாய்ங்களா?"

நான் விளக்கினேன். அவர் தலையாட்டினார். மறுநாள் உசிலம்பட்டி மாட்டுச் சந்தையில், அமெரிக்காக்காரன் நொடிச்சுப் போய் மிலிட்டரியை விற்றுவிட்டான் என்று பேச்சு.

அடுத்தது அதைவிட மோசம். அவனைச் சப்ளைப் பிரிவில் போட்டார்கள். படைக்குத் தண்ணீர் பாட்டில், பூட்ஸ், சோப்பு, டாய்லெட் பேப்பர் எல்லாம் போய்ச் சேரப் பார்த்துக்கொள்கிற வேலை. "சப்ளைல இருக்கேம்ப்பா" என்று சொன்னான். மாமனாருக்குத் தெரிந்த சப்ளையர் ஒருவர்தான், தோளில் துண்டோடு இலை போட்டு, 'கொழம்பு ஊத்தவா' என்று கேட்பவர். மிலிட்டரி என்ற சொல்லையும் அவர் அதிகம் பார்த்தது ஓட்டல் போர்டுகளில். இரண்டையும் சேர்த்து, அவர் பிள்ளை அமெரிக்காவில் ஒரு மிலிட்டரி ஓட்டலில் சப்ளையராக இருக்கிறான் என்று முடிவுக்கு வந்தார். அவமானம் ஒன்றும் படவில்லை. "பசிக்குச் சோறு போடுறான், நல்ல வேலதேன்" என்றார். எம்.எஸ். படிக்கவைத்த கடனை மட்டும் நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் எனக்கு மகள் பிறந்தாள். ஒரு வயதில் காது குத்து என்று பேச்சு. மாப்ள லீவு கேட்டான். லீவுக்குப் பதில் அதிகாரிப் பயிற்சி கிடைத்தது. அடுத்த வருடம் கேட்டான். வேறு ஊருக்கு மாற்றல். அதற்கப்புறம் இரண்டு வருடம் விட்டுக் கேட்டபோது கேப்டன் ஆக்கிவிட்டார்கள். அவன் லீவு கேட்டாலே அமெரிக்க ராணுவத்துக்குப் பயம் வந்து பதவி உயர்வு கொடுத்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றியது. மகள் ஒட்டுக் கம்மலோடு பள்ளிக்கூடம் போனாள். வியர்த்தால் அது கழுத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

பிறகு அத்தை இறந்துபோனார். என் மனைவியின் அம்மா. காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாப்ளைக்குச் சொன்னோம். "லீவு கெடைக்கலக்கா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். கொள்ளி வைக்க வேண்டிய ஒரே பிள்ளை வரவில்லை. பங்காளி மகன் ஒருவன் கொள்ளி வைத்தான்.

என் மனைவி அன்று அழுததைவிட மறுநாள் வீட்டிலிருந்த பாத்திரத்தையெல்லாம் இறக்கித் தேய்த்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு மாதம் கழித்துச் சொன்னாள்: "எங்கம்மாவுக்கு அவன் கையி கெடைக்கல. எம் பிள்ளைக்கு அவன் மடி கெடைச்சே ஆகணும். அதுவும் இல்லேன்னா எனக்குத் தம்பியே இல்லேன்னு ஆயிரும்."

சொந்தக்காரர்கள் வழி சொன்னார்கள். பெரியப்பா மகனும் தாய்மாமன்தான், அவன் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்றார்கள். என் மனைவி அவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினாள். எனக்கும் அவள்மேல் எரிச்சல் வந்ததுண்டு. ஊரெல்லாம் காதுகுத்துக்கு ஃபிளெக்ஸ் அடித்துக் கொடுக்கிறவன் நான். என் மகள் காது மட்டும் மூடிக்கிடந்தது.

அத்தை போன பிறகு மாப்ள லீவு பேச்சையே எடுக்கவில்லை. வீடியோவில் வருவான். எப்போதும் நெஞ்சுக்கு மேல்தான் தெரிவான். பின்னால் ஒரு வெள்ளைச் சுவர். "இந்த வருசம் கஷ்டம்க்கா" என்பான். போன வருடம் மேஜர் ஆகிவிட்டதாகச் சொன்னான்.

மாமனார் அதிர்ந்துபோனார். "இப்பத்தேன் மேஜராயிருக்கானா? இங்க பதினெட்டுலயே ஆயிர்றாய்ங்க. தலையில பாதி முடி போயிருச்சு, இன்னுமா அவன மைனர்னு வச்சிருந்தாய்ங்க?"

அன்று என் மனைவி சிரிக்கவில்லை. போனை வாங்கி, "ஒன் மேலதிகாரியக் கூப்புடு. நான் பேசுறேன்" என்றாள். அவன் மழுப்பினான். இவள் விடவில்லை. கடைசியில் ஒரு காலை நேரம், அவர்களுக்குச் சாயங்காலம், அவனுடைய கர்னல் வீடியோவில் வந்தார். சிவந்த முகம், நரைத்த மீசை, மிகவும் மரியாதையான மனிதர். மாப்ள பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தான்.

"பிள்ளைக்கு அப்பா இல்லையான்னு கேக்குறாரு மச்சான்."

"நாந்தேன் அப்பா."

"அப்ப உங்க மடிக்கு என்னன்னு கேக்குறாரு."

"செல்லாது."

கர்னல் யோசித்தார். செல்லாது என்று யார் சொன்னது என்று கேட்டார். நான் மனைவியைக் காட்டினேன். அவளைப் பார்த்ததும் அந்தப் பக்கக் கேள்விகளை நிறுத்திக்கொண்டார். பிறகு மாப்ளையைப் பார்த்து, தன் முழங்காலைத் தட்டிக் காட்டி ஏதோ கேட்டார். மாப்ள அதை மொழிபெயர்க்கவில்லை. மடி என்றால் என்ன என்று ஒருவழியாகப் புரிந்துகொண்டார் போல என்று நினைத்து, நானும் என் முழங்காலைத் தட்டி, "யெஸ் சார், யெஸ்" என்றேன். கர்னல் என்னை விசித்திரமாகப் பார்த்தார். லீவு கிடைத்துவிட்டது.

அடுத்து ஃபிளெக்ஸ். என் சொந்தக் காசில், என் சொந்த மெஷினில், என் தொழிலின் உச்சம் என்று சொல்லும்படி ஒன்று அடித்தேன். மாப்ள அனுப்பிய படங்களில் நெஞ்சுக்குக் கீழே ஒன்றும் இல்லாததால் இணையத்தில் ஒரு உடம்பைத் தேடி எடுத்து அவன் தலையை அதில் வைத்தேன். இடப்பக்கம் பீரங்கி, வலப்பக்கம் திமிலோடு காளை, மேலே ஹெலிகாப்டர். 'அமெரிக்காவே அனுப்பிவைக்கும் தாய்மாமன் மேஜர்' என்று வாசகம். மாமனாருக்கு அது பிடிக்கவில்லை.

"மேஜருன்னு எதுக்குப் போடுற? ஊர்ல எல்லாருந்தேன் மேஜர்."

மதுரை விமான நிலையத்தில் அவனைப் பார்த்தபோது எனக்கு என் ஃபிளெக்ஸ்மேல்தான் கவலை வந்தது. தொப்பையும் வழுக்கையுமாக, மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து நடந்து வந்தான். "உக்காந்தே வந்ததுல காலு மரத்துருச்சு மச்சான்" என்றான். என் மனைவி அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். காலைப் பார்க்கவில்லை. யூனிஃபார்ம் எங்கே என்று கேட்டேன். இந்த மாதிரி விசேஷத்துக்கெல்லாம் வெளிநாட்டில் போடக்கூடாது, அதற்குத் தனி அனுமதி வேண்டும் என்றான். மறுபடி அந்தக் கர்னலிடம் பேச எனக்குத் தெம்பில்லை.

விசேஷம் குலசாமி கோயிலில். பக்கத்து மண்டபத்திலிருந்து தாய்மாமன் சீர்வரிசை கோயிலுக்கு மேளத்தோடு வரவேண்டும். மேளக்காரர்கள் மதுரையிலிருந்து வந்தவர்கள். யூனிஃபார்ம் பற்றித் தெரிவதற்கு முன்பே அவர்களிடம், "மிலிட்டரி உடுப்புல ஒருத்தர் நிப்பாரு, அவருதேன் தாய்மாமன், அவரக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவைத்திருந்தேன். அதை மாற்றிச் சொல்ல மறந்துவிட்டேன்.

கோயில் வாசலில் நாங்கள் காத்திருந்தோம். தூரத்தில் மேளம் கேட்டது. வெடி வெடித்தது. சீர்த் தட்டுகளுக்கு முன்னால், கழுத்துக் கொள்ளாத மாலையோடு, தலைக்குமேல் குடை பிடிக்க, மண்டபத்து செக்யூரிட்டி நடந்து வந்துகொண்டிருந்தார். தோளில் ஸ்டார், மார்பில் விசில், நல்ல உயரம், நல்ல மீசை. உண்மையைச் சொன்னால் ஃபிளெக்ஸில் இருந்த உடம்புக்கு அவர்தான் பொருத்தம். பெண்கள் குலவை போட்டார்கள். மாமனார்கூட ஒரு கணம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்னண்ணே இது?" என்றேன்.

"கூப்புட்டாய்ங்க, வந்தேன்" என்றார் அவர்.

மாப்ள எங்கே என்று பார்த்தால், கடைசியில் தண்ணீர் கேன் ஏற்றிய குட்டியானை வண்டியில், டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். எங்கே போனாலும் இவன் சப்ளையோடுதான் வருவான் என்று நான் மனதுக்குள் திட்டினேன். வேட்டியும் சட்டையுமாக அவன் இறங்கி வந்ததும் செக்யூரிட்டி விஷயத்தைப் புரிந்துகொண்டார். மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டு, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். மாப்ளையின் முதுகு நிமிர்ந்தது. பதிலுக்கு அவன் வைத்த சல்யூட்டில் மேளம் தானாக நின்றது. ஊர் முதன்முறையாக அவனை நம்பியது அப்போதுதான்.

சாமி முன்னால், படிக்குக் கீழே ஜமுக்காளம் விரித்திருந்தது. ஆசாரி தங்க வளையத்தை மஞ்சள் தண்ணீரில் போட்டுவைத்துக் காத்திருந்தார். "தாய்மாமன் உக்காருங்க" என்றார் பூசாரி.

மாப்ள நின்றான்.

"உக்காருடா" என்றாள் என் மனைவி.

"நான் சேர்ல உக்காந்துக்கிறேன்க்கா."

பூசாரி ஒத்துக்கொள்ளவில்லை. "சேர்ல உக்காந்தா அது தொடை. கால மடக்குனாத்தேன் மடி."

இத்தனை வருடம் நாங்கள் காத்திருந்த மடி மடங்கவில்லை. அவன் உட்காரப் பார்த்தான். இடது கால் நீட்டின கம்பு மாதிரி நின்றது. நெற்றியில் வியர்வை. என் மனைவி அவன் எதிரே மண்டியிட்டு வேட்டியை முழங்காலுக்குமேல் தூக்கினாள். முழங்காலின் இரண்டு பக்கமும் நீளமாகத் தையல் தழும்பு. தோல் பளபளவென்று இருந்தது.

"இது எப்ப?"

அவன் வேட்டியைக் கீழே இழுத்துவிடப் பார்த்தான்.

"எப்பன்னு கேக்குறேன்ல?"

"அம்மா போறதுக்கு ரெண்டு நாளு முன்னாடி. ஆஸ்பத்திரில கெடந்தேன். எந்திரிக்க முடியல."

"சண்டையிலயா?" என்றார் மாமனார். கூட்டம் முழுக்க அவன் வாயைப் பார்த்தது.

"இல்லப்பா. டாய்லெட் பேப்பர். லாரியில பெரிய கட்டா ஏத்திருந்தோம். சரிஞ்சிருச்சு."

யாருக்கும் சிரிக்கவும் தெரியவில்லை, வருத்தப்படவும் தெரியவில்லை. பீரங்கிக்கும் ஹெலிகாப்டருக்கும் நடுவில் ஃபிளெக்ஸில் அவன் முகம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"குண்டு பட்டுச்சுன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல" என்றார் மாமனார். தன் துண்டால் அவன் நெற்றியைத் துடைத்துவிட்டார்.

"என்னன்னு சொல்றதுன்னு தெரியாமத்தேன் ஒண்ணும் சொல்லல. அம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்காதுன்னு ரெண்டு நாளு சொல்லல. மறுநா அம்மாவே இல்ல. அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?"

கர்னல் முழங்காலைத் தட்டிக் கேட்டது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இந்தக் காலோடு உன்னால் அது முடியுமா என்று கேட்டிருக்கிறார். நான் எல்லாம் தெரிந்தவன் மாதிரி யெஸ் யெஸ் என்றிருக்கிறேன்.

ஆசாரி வெயில் ஏறுவதைப் பார்த்தார். என் மனைவி தரையில் உட்கார்ந்தபடியே இருந்தாள். நான் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அப்பனுக்கு அங்கே வேலை இல்லை. அப்புறம் என்ன நினைத்தேன் என்று தெரியவில்லை, போய் ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"மாப்ள, நீ அந்தப் படியில உக்காரு. ஒரு கால மடக்கு. மடங்காத கால எம்மேல வையி."

"மச்சான், ஒங்க மேல காலு படும்."

"படட்டும்."

அக்கா புருஷன்மேல் கால் வைப்பதா என்று அவன் தயங்கினான். நான் பிடித்து இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். என் மகளை அவன் மடியில் ஏற்றினோம். நாலாம் வகுப்புப் பிள்ளை, நல்ல உயரம். அவள் கால் தரையைத் தொட்டது. அவள் பாரம் அவன்மேல், அவன் பாரம் என்மேல். பூசாரியைப் பார்த்தேன். "மேல இருக்குறது மாமன் மடிதானே, போதும்" என்று விபூதித் தட்டைத் தேடப் போய்விட்டார்.

ஆசாரி காதில் புள்ளி வைத்தார். மகள் தலையைத் திருப்பி, "வலிக்குமா மாமா?" என்றாள்.

"சே, எறும்பு கடிச்ச மாதிரிதேன் இருக்கும்."

"லீவு கெடைக்கலைன்னு சொன்னீங்களே, அது மாதிரி இதுவும் பொய்யா?"

அவன் அவள் தலையைப் பிடித்து நேராகத் திருப்பினான். ஆசாரி குத்தினார். மகள் அழவில்லை. உடம்பு மட்டும் ஒருமுறை துள்ளியது. துள்ளியதில் அவள் எடை முழுவதும் அந்த முழங்காலில் இறங்கியது.

"அம்மா" என்று கத்தியது மேஜர்.

அத்தை போன பிறகு அவன் வாயால் அந்தச் சொல்லை அப்படி நாங்கள் கேட்டதில்லை. அவனே அதைக் கேட்டுத் திடுக்கிட்டவன்போல் வாயை மூடினான். பிறகு மூட முடியவில்லை. மாலையெல்லாம் நனைய அழுதான்.

என் மனைவி எழுந்து வந்து அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "இந்தா இருக்கேன்டா" என்றாள். "இங்கதேன்டா இருக்கேன்."

என் கால் மரத்துப்போயிருந்தது. ஆசாரி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இன்னொரு காதைக் காட்டச் சொன்னார்.